கேக்கின் உள்ளே இருக்கும் குச்சிகளை யார் எண்ணுவது?



நம் குடும்பங்களின் வலீமா விருந்துகளில் அடுக்குக் கேக் இப்போது புதிய பொருள் அன்று. பெருநகரங்களில் மட்டுமின்றிச் சிற்றூர்களின் திருமண மண்டபங்களிலும் மேடைக்கு அருகே மூன்றடுக்கிலோ நான்கடுக்கிலோ ஒரு கேக் நிற்பதைக் காண்கிறோம். அதை வைக்கலாமா, மணமக்கள் அதை வெட்டுவது பிறர் வழக்கத்தைப் பின்பற்றுவதாகுமா என்னும் வாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்த வாதத்தை நாம் இங்கே திறக்கப் போவதில்லை. ஐயம் உள்ளவர்கள் தத்தம் மஹல்லாவின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. நாம் பேச விரும்புவது அதற்குப் பிந்தைய நேரத்தைப் பற்றி. கேக் வந்துவிட்டது, படமும் எடுத்தாயிற்று. இனி அந்த எட்டுக் கிலோ உணவு என்ன ஆகிறது?

நாம் கண்ட வரையில் பெரும்பாலும் நல்ல முடிவு ஏற்படுவதில்லை. மேலடுக்கில் ஒரு துண்டு வெட்டப்படுகிறது. அதன்பின் யாரோ ஒருவர் சமையற்கட்டிலிருந்து வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கொண்டுவந்து, நிற்கும் கேக்கை மேலிருந்து கீழாக அப்படியே பிளக்க முயல்கிறார். கத்தி உள்ளே எதிலோ முட்டுகிறது. கேக் ஒரு பக்கம் சாய்கிறது. பிள்ளைகள் கையால் அள்ளத் தொடங்குகிறார்கள். அருகில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது கிடைத்ததுதான். அடியில் உள்ள பெரிய அடுக்கைத் தொடுவாரில்லை. மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில் அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

நம் விருந்துகளில் மற்ற உணவுகளுக்கு இந்த நிலை வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரியாணிக்குப் பண்டாரி இருக்கிறார். எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ கறி, ஒரு தேக்சாவிலிருந்து எத்தனை பேருக்குப் பரிமாறலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தால்சாவுக்கு ஒருவர், தயிர்ப் பச்சடிக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர் என மஹல்லாவின் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். குறைந்தால் யாரைக் கேட்பது, மிஞ்சினால் யாருக்கு அனுப்புவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். கேக்குக்கு மட்டும் பொறுப்பாளர் எவரும் இல்லை. பணம் கொடுத்தவர் மணமகனின் நண்பராக இருப்பார். வரவழைத்தவர் அலங்காரக்காரராக இருப்பார். செய்தவர் வேறொரு தெருவில் இருப்பார். படம் எடுக்கும் வரை அது எல்லோருடைய பொருளாகவும், அதன்பின் எவருடைய பொருளும் அல்லாததாகவும் ஆகிவிடுகிறது.

இந்த அலட்சியத்தால் வருவது விரயம் மட்டுமென்றால், உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்று அல்அஃராஃப் அத்தியாயத்தில் இறைவன் இட்ட கட்டளையை நினைவூட்டிவிட்டு நிறுத்திக்கொண்டிருப்போம். ஆனால் அடுக்குக் கேக்கில் ஆபத்தும் இருக்கிறது. அது வெளியே தெரியாமல் உள்ளே இருக்கிறது.

மென்மையான கேக் தன்மீது இன்னொரு கேக்கின் பாரத்தைத் தாங்காது. ஆறு, எட்டு, பத்து அங்குலம் என மூன்று வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே வைத்தால், சிறிது நேரத்திலேயே மேலடுக்கு கீழடுக்கினுள் அமிழ்ந்துவிடும். கிரீம் பக்கவாட்டில் பிதுங்கும். ஆகவே செய்பவர்கள் ஒவ்வோர் அடுக்கையும் அதே அளவுள்ள மெல்லிய அட்டையின்மீது அமைக்கிறார்கள். கீழடுக்கினுள், மேலடுக்கின் விளிம்புக்கு உட்பட்ட இடத்தில், கேக்கின் உயரத்துக்கே வெட்டிய குச்சிகளைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். மேலடுக்கின் பாரம் அட்டையில் இறங்கி, அட்டையிலிருந்து குச்சிகள் வழியாக அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. கீழுள்ள கேக் எதையும் சுமப்பதில்லை. மேசைக்குக் கால்கள் இருப்பது போலத்தான். பத்தங்குல அடுக்கினுள் ஐந்து அல்லது ஆறு குச்சிகளும், எட்டங்குல அடுக்கினுள் நான்கும் வைப்பது வழக்கம். இவை தவிர, வண்டியில் கொண்டுவரும்போது அடுக்குகள் நழுவாதிருக்க, முனை கூர்மையாகச் சீவிய நீண்ட குச்சி ஒன்றை உச்சியிலிருந்து அடி வரை எல்லா அட்டைகளையும் துளைத்து இறக்குவதும் உண்டு. ஆக, ஒரு சாதாரண மூன்றடுக்குக் கேக்கில் பதினொரு குச்சிகள் வரை இருக்கலாம். சிலர் மரக்குச்சி வைப்பர். சிலர் பிளாஸ்டிக் குழாய் வைப்பர். சிலர் பருமனான ஸ்ட்ராவை வெட்டி வைப்பர். மிக உயரமான கேக்குகளில் நடுவில் இரும்புக் கம்பியும், அதைப் பிணைக்கும் திருகு நட்டும்கூட இருக்கும்.

இந்தத் தாங்கிகள் எப்போதும் மறைந்தே இருந்தவை அல்ல. அடுக்குக் கேக் இங்கிலாந்தின் அரண்மனைத் திருமணங்களிலிருந்து பரவியது. 1858-இல் விக்டோரியா அரசியின் மூத்த மகளுக்குச் செய்த கேக்கில் அடிப்பாகம் மட்டுமே கேக். மேலே இருந்தவை சர்க்கரையால் செய்த அலங்காரம். எல்லா அடுக்கும் உண்ணத்தக்க கேக்காகவே அமைந்தது 1882-இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில் என்பர். அந்தக் காலத்துக் கேக் உலர்பழம் நிறைந்த கெட்டியான கேக். அதன்மேல் கல்போல இறுகும் சர்க்கரைப் பூச்சு. அதனால் அடுக்குகளுக்கு இடையே தூண்களை வெளிப்படையாக நிறுத்த முடிந்தது. வெட்டுபவருக்கு எது தூண், எது கேக் என்று கண்ணாலேயே தெரிந்தது. இன்று நாம் விரும்புவது மென்மையான ஸ்பாஞ்சு கேக்கும் வெண்ணெய் கிரீமும். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைவெளி தெரியக் கூடாது என்பதும் இன்றைய விருப்பம். ஆகவே தூண்கள் உள்ளே போய்விட்டன. மறைந்த பொருளைச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும். அதைச் சொல்ல ஆளில்லாததே இன்றைய குறை.

நம் சமுதாயத்தில் இந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம் வலீமாக்களில் ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் வெவ்வேறு. கேக் பெரும்பாலும் மணமகள் அமரும் பெண்கள் பகுதியில்தான் வைக்கப்படுகிறது. அதைக் கொண்டுவரும் கடைக்காரரோ பெண்கள் வந்து சேர்வதற்கு முன்பே அடுக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பிற இடங்களில் கடைக்காரரோ விடுதிப் பணியாளரோ கடைசி வரை இருந்து, கேக்கைப் பிரித்து, வெட்டித் தருவதும் உண்டு. நம்மிடம் அந்த வாய்ப்பு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிந்த ஒரே மனிதர் வெளியேறிய பிறகுதான் கத்தி கேக்கைத் தொடுகிறது. நம் பர்தா ஒழுங்கைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஒழுங்கைப் பேணும் நாம், அதற்கேற்ற முன்னேற்பாட்டையும் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஒரு வலீமாவில் நாம் நேரில் கண்டதைக் குறிப்பிடுவது பொருந்தும். ஊரும் மண்டபமும் வேண்டியதில்லை. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் தட்டில் வைத்த துண்டினுள் விரல் நீளக் குச்சி ஒன்று இருந்தது. கிரீம் மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. உம்மம்மா பக்கத்தில் அமர்ந்து கையால் பிட்டு ஊட்டியதால் அது விரலில் தட்டுப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நேரவில்லை. குச்சியின் ஒரு முனை இடுக்கியால் வெட்டியது போலப் பிசிறு பிசிறாக இருந்தது. அந்தக் கேக்கில் மொத்தம் எத்தனை குச்சிகள் என்று கேட்டோம். அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை.

இதற்குச் செய்ய வேண்டியது கடினமானது அன்று. வலீமாவுக்கு முன்பே, கைப்பக்குவம் உள்ள ஒரு சகோதரியைக் கேக்குக்குப் பொறுப்பாளராக்க வேண்டும். மணமகளின் உம்மாவோ மாமியோ இதை ஏற்கக் கூடாது. அன்று அவர்களுக்கு ஆயிரம் வேலை. பொறுப்பேற்றவர் கேக் செய்பவரிடம் தொலைபேசியிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை குச்சிகள், அவை எந்தப் பொருளால் ஆனவை, நடுக்குச்சி உண்டா, எந்த அடுக்காவது போலியா, மலர்களிலும் அலங்காரத்திலும் கம்பியோ பல்குச்சியோ உண்டா. ஐந்து நிமிடப் பேச்சு.

இனி வெட்டும் முறைக்கு வருவோம். முதலாவது விதி, அடுக்குக் கேக்கை நின்ற நிலையில் வெட்டக் கூடாது. படத்துக்காக மணமக்கள் ஒரு துண்டு எடுப்பதானால், அடியடுக்கின் ஓரத்தில், மேலடுக்கின் விளிம்புக்கு வெளியே, ஆழமில்லாமல் எடுக்கலாம். அந்த ஓரத்தில் குச்சி இருக்காது. அதன்பின் கேக்கைப் பிரித்தாக வேண்டும். அதற்கு ஒரு தனி மேசை, அகலமான தட்டங்கள், கைதுடைக்கும் துணி ஆகியவை போதும். மேடையிலேயே பிரிக்காமல், உணவுப் பகுதிக்கு எடுத்துச் சென்று பிரிப்பது நல்லது. கூட்டம் சூழ்ந்து நின்றால் கை பதறும்.

முதலில் மலர்களையும் பொம்மைகளையும் எடுத்துவிட வேண்டும். சந்தையில் வாங்கும் ரோஜாவில் பூச்சிமருந்து இருக்கலாம். அரளி போன்றவை நஞ்சு. அவை தொட்டிருந்த இடத்துக் கிரீமையும் சுரண்டி நீக்குவதே பாதுகாப்பு. அடுத்து நடுக்குச்சி. அது இருந்தால் உச்சியில் அதன் முனையைக் கண்டுபிடித்து, மெல்லத் திருகியபடி நேராக மேலே இழுக்க வேண்டும். நட்டு பூட்டிய கம்பியானால் அதைக் கழற்றும் முறையைச் செய்தவரிடமே கேட்டிருக்க வேண்டும். நடுக்குச்சியை எடுக்காமல் அடுக்கைத் தூக்க முயன்றால் கேக் கிழியும். பிறகு, மேலடுக்கும் அதன் கீழடுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் மெல்லிய கத்தியை ஒரு சுற்று ஓட்டி, அட்டைக்கு அடியில் இரண்டு அகலமான தோசைத் திருப்பிகளை எதிரெதிர்ப் பக்கத்தில் நுழைத்து, இருவராகத் தூக்கித் தனித் தட்டத்தில் வைக்க வேண்டும். அடுத்த அடுக்கையும் இவ்வாறே.

அடுக்குகள் பிரிந்ததும் குச்சிகளின் தலைகள் கண்ணுக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பிடுங்கி, ஒரு தட்டில் வரிசையாக வைத்து, குறித்துவைத்த எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை சரியாகும் வரை ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது. அறுவை சிகிச்சை முடிந்து தையல் போடுவதற்கு முன் மருத்துவர்கள் கருவிகளையும் பஞ்சுத் துணிகளையும் எண்ணிப் பார்ப்பதில்லையா, அது போன்றது. அட்டையும் அப்படியே. மென்மையான கேக்கை வெட்டும்போது கத்தி அட்டையைச் சீவி, தாள் துணுக்குகள் துண்டின் அடியில் ஒட்டிக்கொள்வதுண்டு. கத்தியை அட்டையில் அழுத்தித் தேய்க்காமல், தொட்டவுடன் நிறுத்த வேண்டும்.

வட்டக் கேக்கைப் பிறந்தநாள் கேக் போல முக்கோணமாக வெட்டுவது நம் கைப்பழக்கம். நான்கங்குல உயரமுள்ள அடுக்கில் அது சரிப்படாது. ஒருவருக்கு மிகையாகவும் இன்னொருவருக்கு நொறுங்கலாகவும் போகும். ஒரு விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வட்டத்தின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெட்டு. அப்படிக் கிடைக்கும் பட்டையை ஓர் அங்குல அகலத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறி முடித்துவிட்டு, அடுத்த இரண்டு அங்குலம். வட்டத்தினுள் வட்டமாக வெட்டும் முறையும் உண்டு. புதிதாகச் செய்பவருக்கு நேர்கோடே எளிது. பிரெட் வெட்டும் பல்கத்தி, நீளமானதாக வேண்டும். வெந்நீரில் தோய்த்துத் துடைத்துவிட்டு வெட்டினால் துண்டு சுத்தமாக வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல நீளம் என்றால் ஒரு துண்டின் மேற்பரப்பு இரண்டு சதுர அங்குலம். பத்தங்குல வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அங்குலம்; ஓரத்து வளைவில் கழிவது போக 38 துண்டுகள் கிடைக்கும். எட்டங்குல அடுக்கில் 24, ஆறங்குல அடுக்கில் 12. கூட்டினால் 74. நானூறு பேர் வரும் வலீமாவில் மேடையை நிறைத்து நிற்கும் மூன்றடுக்குக் கேக், எவ்வளவு கவனமாக வெட்டினாலும், 74 பேருக்குத்தான் போதும். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்துவிட்டு மட்டும் போவார்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அலங்காரமில்லாத தட்டையான கேக்குகளைச் சமையற்கட்டில் தனியே வைத்துவிடுவது. 12 அங்குலத்துக்கு 18 அங்குலம், இரண்டு அங்குல உயரம் உள்ள ஒரு தட்டுக் கேக்கை இரண்டங்குலச் சதுரமாக வெட்டினால் 54 துண்டுகள். ஒவ்வொன்றும் அடுக்குக் கேக்கின் துண்டு அளவே இருக்கும். ஆறு தட்டுக் கேக்குகளுக்கு 324. அடுக்குக் கேக்கோடு சேர்த்தால் ஏறக்குறைய நானூறு பேருக்கும் ஒரே சுவையில், ஒரே அளவில் கொடுத்துவிடலாம். செலவும் அடுக்கைக் கூட்டுவதைவிடக் குறைவு; உள்ளே ஒரு குச்சியும் கிடையாது. மேடையில் ஆறங்குலச் சிறு கேக் ஒன்றே போதும் என்று முடிவெடுக்கும் குடும்பம் இன்னும் நல்லது செய்கிறது என்பது நம் கருத்து.

இலங்கைத் திருமணங்களில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். ரவை, முந்திரி, பூசணிப் பாகு, உலர்பழங்கள் சேர்த்துச் செய்யும் அவர்களது கெட்டிக் கேக்கை முன்பே சிறு துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றி, பெட்டியில் இட்டு, வருவோர் ஒவ்வொருவரிடமும் கொடுத்தனுப்புகிறார்கள். மேடையில் நிற்பது பெரும்பாலும் காட்சிக்கான அமைப்பு. அந்தக் கேக்கில் பிராந்தி சேர்க்கும் வழக்கம் உண்டு. முஸ்லிம் குடும்பங்கள் அதை விலக்கிச் செய்துகொள்கின்றன. எத்தனை பேர், எத்தனை பெட்டி என்ற கணக்கு முதலிலேயே முடிந்துவிடுவதால் எவரும் விடுபடுவதில்லை. எதுவும் குப்பைக்குப் போவதில்லை. நம் பக்கத்தில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தடையொன்றும் இல்லை.

காட்சிக்கான அமைப்பு என்றதும் தெர்மோகோல் அடுக்கின் நினைவு வருகிறது. மூன்றில் ஓர் அடுக்கு மட்டும் உண்மையான கேக்காகவும், மற்றவை கிரீம் பூசிய தெர்மோகோலாகவும் இருப்பது இன்று பரவலாகிவிட்டது. இதை ஏமாற்று என்று சொல்லும் சகோதரர்கள், கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை (முஸ்லிம்) நினைவூட்டுகிறார்கள். விற்பவர் மறைத்தால் அது நிச்சயம் பொருந்தும். வாங்குபவரே கேட்டுச் செய்வித்தால் அவர்கள் இருவருக்கிடையே ஏமாற்று இல்லை. எஞ்சுவது பெருமைக்காகச் செய்தோமா என்ற கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், பிரிட்டனில் கேக்குக்குச் சர்க்கரைப் பூச்சு இடுவதே தடை செய்யப்பட்டது. அப்போது மணவீட்டார் அட்டையால் செய்த பெரிய கேக் உறையை வாடகைக்கு எடுத்து, அதனுள் சிறு கேக்கை மறைத்து வைத்தார்கள். அவர்களைச் சர்க்கரைத் தட்டுப்பாடு அப்படிச் செய்ய வைத்தது. நமக்கு அப்படி எந்தத் தட்டுப்பாடும் இல்லை. என்றாலும், உண்மையான கேக்கைச் செய்து குப்பையில் கொட்டுவதைவிடத் தெர்மோகோல் குறைந்த தீமை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் எது போலி என்பது பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கத்தி வைத்தால் வெண்மணிகள் போல நொறுங்கும் தெர்மோகோல், வெண்கிரீமோடு கலந்துவிடும். பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது.

ஹலால் குறித்துச் சுருக்கமாக ஒன்று. கேக்கின் மாவைப் பற்றி விசாரிக்கும் நாம் அலங்காரத்தை விட்டுவிடுகிறோம். கேக்கைப் போர்த்தும் ஃபாண்டன்ட் வகைகள் பலவற்றில் ஜெலட்டின் உண்டு. அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதைக் கேட்க வேண்டும். ஜெலட்டின் போலக் கெட்டிப்படுத்துவதற்கு, நம் நோன்புக் கால இனிப்பில் சேரும் கடற்பாசியே சில இடங்களில் உதவும். பொன்னிறத் தூளைத் தூரிகையால் பூசுவதற்கு வோட்காவில் கரைப்பதும் கேக் அலங்காரத்தில் பரவலான முறை. விரைவில் உலரும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். முன்பே சொன்னால் வேறு வழியில் செய்து தருவார்கள்.

நம் சகோதரிகள் பலர் இன்று வீட்டிலிருந்தே கேக் செய்து விற்று, ஹலாலான வருவாய் ஈட்டுகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்வானாக. அவர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள், கேக்கோடு ஒரு தாளையும் அனுப்புங்கள். அதில் அடுக்குகளின் படத்தை வரைந்து, குச்சிகள் இருக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதி, பெண்கள் பகுதியில் யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவர் பெயரையும் எழுதிவிடுங்கள். கிரீமின் நிறத்தோடு ஒத்துப்போகும் வெள்ளைக் குச்சியைவிட, நிறம் மாறுபட்ட குச்சியே வெட்டுபவருக்கு நல்லது. மரக்குச்சியை ரம்பத்தால் அறுத்து, முனையை உரசி வையுங்கள். உணவுக்கு உகந்தது என்று விற்கப்படும் குச்சியையே வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் கிரீம் கேக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதலாம். அட்டைகளையும் குச்சிகளையும் திருப்பிக் கொடுத்தால் ஒரு சிறு தொகை கழிவு என்று அறிவித்தால், மணவீட்டார் தாமாகவே எண்ணிப் பார்ப்பார்கள்!

கேக் வெட்டுவதற்கு இத்தனை பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணும் மார்க்கம் நம்முடையது. காலில் தைக்கக்கூடியதை அகற்றுவதற்கே அத்தனை சிறப்பு என்றால், குழந்தையின் தொண்டையில் தைக்கக்கூடியதை அகற்றுவதைச் சிறிய செயல் என்று எப்படித் தள்ளுவது? கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணச் சொல்லி, உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறதென்று நீங்கள் அறியமாட்டீர்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததும் (முஸ்லிம்) இதே உணவுக்குத்தான் பொருந்துகிறது. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த வலீமாவில் தோல் விரிப்பின்மீது பேரீச்சம்பழமும் உலர்ந்த பாலாடைக் கட்டியும் நெய்யும் இடப்பட்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரீ). வந்தவர்களின் கை எட்டும்படி உணவு தரையில் இருந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் நம்மவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. சஹனில் எவரும் நடுவில் கைவைப்பதில்லை. தம் பக்கத்திலிருந்தே எடுக்கிறார்கள். எவருக்கும் குறைவதில்லை.

கேக்கையும் அந்த ஒழுங்குக்குள் கொண்டுவர முடியும். துண்டுகள் தட்டங்களில் அடுக்கப்பட்டதும் முதல் தட்டம் மேடைக்குப் போகாமல் கடைசி வரிசைக்குப் போகட்டும். அடுத்தது ஆண்கள் பகுதிக்கு. செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்ற எச்சரிக்கையை (புகாரீ, முஸ்லிம்) நாம் அறிவோம். அழைப்பிதழ் கொடுத்து வரவழைத்துவிட்டு, தட்டு எட்டாத இடத்தில் உட்காரவைப்பதும் அதற்கு வெகுதூரம் இல்லை. பாத்திரம் கழுவும் பெண்கள், மின்விளக்குப் போட்டவர், வாயிற்காவலர் ஆகியோருக்கான துண்டுகளை வெட்டும்போதே எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிஞ்சாது. பரிமாறுபவர் கடைசியில் உண்பார். மேலடுக்கை ஓராண்டு காத்து வைக்கும் ஆங்கிலேயர் வழக்கம், மதுவில் ஊறிய பழக்கேக்குக்கு உரியது. நம் ஸ்பாஞ்சு கேக் அவ்வளவு நாள் தாங்காது. அதையும் அன்றே வெட்டிக் கொடுத்துவிடலாம்.

மஹல்லா மண்டபங்களை நிர்வகிக்கும் ஜமாஅத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேக்சாக்களும் சஹன்களும் கரண்டிகளும் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறீர்கள். அவற்றோடு, பெண்கள் பகுதியில் ஒரு நீண்ட பல்கத்தி, இரண்டு அகலமான திருப்பிகள், ஓர் இடுக்கி, நான்கு பெரிய தட்டங்கள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். பெட்டியின் மூடியில், வெட்டுவதற்கு முன் குச்சிகளை எண்ணவும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்கும்போதே, கேக் உண்டா, அதற்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.